நாலு மாதம் பத்து நாள்

விடுதி, நுவரெலியா
04.02.2024

அன்பு அஸ்மியா ராத்தாவுக்கு,

ஸலாம். நீங்களும் மகள் சின்னவளும் எப்படி இருக்கிறீர்கள்? சாப்பிடுகிறீர்களா, தூங்குகிறீர்களா என்று கேட்கவே பயமாக இருக்கிறது. ஹஸ்ஸான் மச்சான் மௌத்தாகி இன்றைக்கு மூன்று வாரம். மூன்றாம் நாள் கத்தம் ஓதியதோடு நான் விடுதிக்குத் திரும்ப வேண்டியதாகிவிட்டது. உங்கள் போனுக்கு எடுத்து எடுத்துப் பார்த்தேன், அணைத்தே கிடக்கிறது. அதனால்தான் கடிதம். முத்திரை ஒட்டிக் கடிதம் போடுவது எனக்கு இதுதான் முதல் தடவை, சிரிக்காதீர்கள்.

கணவனுக்காக இருக்கும் இத்தா முடியும்வரை நாலு மாதம் பத்து நாள் அந்த வீட்டை விட்டு வெளியே வராமல் எப்படித்தான் இருக்கப் போகிறீர்களோ. எங்கள் வீட்டில் இருந்த காலத்தில் ஒரு மணி நேரம் உங்களை ஓரிடத்தில் உட்கார வைக்க உம்மாவால் முடிந்ததில்லை.

ஒரு உதவி வேண்டும். எங்கள் விரிவுரையாளர் கஜேந்திரன் சேர் ஒரு சிறுகதையைக் கொடுத்து, "இக்கதையில் தனிமை" என்று ஆய்வு எழுதச் சொல்லியிருக்கிறார். ஏதோ ஒரு பழைய மலரில் பெயர் போடாமல் வந்த கதையாம். நான் இரண்டு தடவை படித்தேன், ஒரு பக்கத்துக்கு மேல் வரவில்லை. பாடசாலையில் தமிழுக்கு முதல் பரிசு எல்லாம் உங்களுக்குத்தானே போனது! கதையின் போட்டோப் பிரதியை இதோடு வைத்திருக்கிறேன். உங்களுக்கும் பொழுது போகும்.

துஆவுடன்,
ஷஸ்னா


நோர்வூட்
13.02.2024

என் தங்கச்சி ஷஸ்னாவுக்கு,

அல்லாஹ்வின் காவலில் நீ சுகமாக இருப்பாய். நாங்களும் சுகம். சின்னவளுக்குச் சளி, இப்போது பரவாயில்லை. என் போன் மாமியின் அலுமாரியில் இருக்கிறது. "இத்தாவுல இருக்கிற பொம்பளைக்கு போன் என்னத்துக்கு" என்று எடுத்து வைத்துவிட்டார். ஜெமீலா மாமியைக் குறை சொல்லவில்லை, பெற்ற மகனை இழந்தவர். காலையில் பால் கொண்டுவரும் லெட்சுமிதான் இதைத் தபாலில் போடுவாள்.

பொழுது போகும் என்றாய். நன்றாகவே போனது. இங்கே படிக்க வேறு என்ன இருக்கிறது, குர்ஆனையும் மாமியின் மாத்திரைப் பெட்டியையும் தவிர! கதையை மூன்று தடவை படித்தேன்.

நீ எழுதிய ஒரு பக்கத்தில் "ராக்காயி ஆளில்லாமல் தவிக்கிறாள்" என்று போட்டிருப்பாய். அதை அடித்துவிடு. தேயிலைத் தோட்டத்தில் குடும்பத்துக்கு ஓர் அறையாகப் பன்னிரண்டு காம்பிரா உள்ள லயம். எல்லோரும் புது வீடுகளுக்குப் போய்விட்டார்கள், ராக்காயி மட்டும் கடைசிக் காம்பிராவில் இருக்கிறாள். ஆனால் அவள் ஆள் இல்லை என்று ஒரு இடத்திலும் அழவில்லை. பக்கத்துக் காம்பிராக்காரன் குடித்துவிட்டு வந்து கத்துவான், அவனைத் திட்டித் திட்டியே முப்பது வருடத்தை ஓட்டியிருக்கிறாள். இப்போது திட்டுவதற்கு ஆள் இல்லை. காலையில் பெரட்டுக்களத்தில் வேலைக்குப் பெயர் கூப்பிடும்போதுதான் அவள் வாய் திறக்கிறாள். பிறகு ஒருநாள் அந்தப் பெயரையும் கூப்பிடாமல் விட்டுவிடுகிறார்கள்.

இன்னொன்று. தனிமை என்ற சொல்லை எழுதியவர் எங்கேயும் போடவில்லை, கவனித்தாயா? அவள் உப்பு வாங்குவதைத்தான் எழுதுகிறார். முன்பெல்லாம் அக்கம்பக்கத்தில் இரவல் கேட்பார்கள் என்று கூடுதலாக வாங்குவாள், இப்போது தனக்கு மட்டும் வாங்குகிறாள். இதைப் பற்றி இரண்டு பக்கம் எழுதலாம்.

இந்த வீட்டில் நாங்கள் ஒன்பது பேர். ஆனாலும் எனக்கு ராக்காயியை நன்றாக விளங்குகிறது. அதை உன் ஆய்வில் எழுதிவிடாதே.

வஸ்ஸலாம்,
அஸ்மியா


விடுதி
02.03.2024

ராத்தா,

ஸலாம். சளி விட்டதா? இங்கே ஒரே குளிர், காலையில் தண்ணீரைத் தொட முடியவில்லை.

உப்பு விஷயத்தை எழுதிக் காட்டினேன். சேர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னையே பார்த்தார்! "இது நீ எழுதியதா?" என்றார். ஆமாம் என்று சொல்லிவிட்டேன். கோபமா? உங்கள் பெயரைச் சொன்னால் பிறகு புள்ளி தரமாட்டார்.

முடிவைப் பற்றி இன்னும் விளக்கமாக எழுதச் சொல்கிறார். கடைசியில் லயத்தை இடிக்கத் தோட்டத்து ஆட்கள் லொறியோடு வந்து, மகன் வீட்டுக்குப் போக அவளுக்குச் சம்மதமா என்று கேட்கிறார்களே, அவள் பதிலே சொல்லாமல் நிற்க, சாமான்களை ஏற்றிவிடுகிறார்களே, அந்த மௌனம்தான் கதையின் உச்சம் என்கிறார். அது ஏற்றுக்கொள்ளும் மனப்பக்குவமாம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

நோன்பு வருகிறது. இந்த முறை நோன்புக் கஞ்சிக்கு நீங்கள் எங்கள் வீட்டில் இல்லை என்று உம்மா போனில் அழுதார்.

துஆவுடன்,
ஷஸ்னா


நோர்வூட்
16.03.2024

ஷஸ்னா,

நோன்போடு இருக்கிறாய், உடம்பைப் பார்த்துக்கொள். விடியுமுன் ஸஹருக்குத் தேத்தண்ணியை மட்டும் குடித்துவிட்டுப் படுக்காதே. நாங்கள் சுகம்.

உன் சேருக்கு என் மரியாதையைச் சொல்லி, அவர் சொல்வது தப்பு என்றும் சொல். லொறியின் எஞ்சினைக்கூட நிறுத்தாமல், வாசலில் நின்றபடி, "மகன் வீட்டுக்குத்தானே போறீங்க?" என்று கேட்டால் அது கேள்வியா? அவர்கள் பதிலையும் கையோடு கொண்டுவந்துவிட்டார்கள். அங்கே அவள் பேசாமல் நின்றதற்குப் பெயர் மனப்பக்குவம் இல்லை.

ஆனால் கதை எழுதியவர்மேலும் எனக்குக் கோபம். பெரட்டில் கங்காணிக்கே வாய் கொடுத்தவள், குடிகாரனை முப்பது வருடம் திட்டியவள், கடைசி நேரத்தில் மட்டும் எப்படி வாயை மூடிக்கொள்வாள்? இந்த இடத்தில் கதை பொய்யாகிவிட்டது. நானாக இருந்தால் தண்ணீர் வாளியைத் தூக்கி அந்த ஆளின் காலில் போட்டிருப்பேன். இதை நீ தைரியமாக எழுதலாம்.

மாமியின் சின்ன மகன் இம்தியாஸ் கட்டாரிலிருந்து வந்துவிட்டார். அண்ணனின் கடையை இப்போது அவர்தான் பார்க்கிறார். சின்னவளின் காலுக்கு ஒரு சிவப்புச் சப்பாத்து வாங்கிவந்தார். அவரை வாப்பா என்று கூப்பிடச் சொல்லி மாமி அவளுக்குப் பழக்குகிறார். பிள்ளைக்கு மூன்று வயது, சொன்னதைச் சொல்கிறாள்.

இத்தா முடிகிற அன்றே நீயும் உன் வாப்பா மக்பூல் சாச்சாவும் வந்து எங்களைக் கூட்டிப்போக வேண்டும். மறுநாள் வேண்டாம், அன்றைக்கே.

அஸ்மியா


விடுதி
18.04.2024

அன்பு ராத்தாவுக்கு,

பிந்திய பெருநாள் வாழ்த்து. பெருநாளுக்கு வீட்டுக்குப் போனேன், அப்படியே சித்திரை விடுமுறையும் ஓடிவிட்டது. பதில் எழுதச் சுணங்கியதற்கு ஏச வேண்டாம். உங்களுக்கும் சின்னவளுக்கும் உடுப்பு அனுப்பினோமே, அளவு சரியா? உங்களுடையது இத்தா வெள்ளை என்பதால் தெரிவு செய்ய ஒன்றும் இருக்கவில்லை.

நல்ல செய்தி! ஆய்வுக்கு அதிகப் புள்ளி எனக்குத்தான். மாகாணப் போட்டியில் வாசிக்கவும் தெரிவாகிவிட்டது. உங்கள் வரிகள் அப்படியே இருக்கின்றன. முடிவை மட்டும் சேர் சொன்னபடி, மனப்பக்குவம் என்றே எழுதிவிட்டேன். அவரோடு ஏன் மோதுவது?

கூட்டிப்போவது பற்றி வாப்பாவிடம் சொன்னேன். "பார்ப்போம் மகள்" என்றார். அவரைத் தெரியும்தானே, எதற்கும் அப்படித்தான் சொல்வார்.

துஆவுடன்,
ஷஸ்னா


நோர்வூட்
26.04.2024

ஷஸ்னா,

உங்கள் எல்லோருடைய சுகத்துக்கும் துஆ செய்கிறேன். உடுப்பு அளவு சரி.

இனி இலக்கியம் வேண்டாம், விஷயத்துக்கு வருகிறேன். என்னை இம்தியாஸுக்கு முடித்து வைக்கப் பேசுகிறார்கள். இத்தாவில் இருக்கும் பெண்ணுக்குச் சம்பந்தம் பேசுவதே கூடாது, அது மாமிக்கும் தெரியும். அதனால் அடுப்படியில் மெதுவாகப் பேசுகிறார். அவருக்கு வேண்டியது சின்னவள். மகன் போனான், மகனின் பிள்ளையும் இந்த வாசலைத் தாண்டிவிடும் என்று அவருக்கு நெஞ்சு அடித்துக்கொள்கிறது. இம்தியாஸ் கெட்டவர் இல்லை. ஆனால் எனக்கு விருப்பம் இல்லை. விருப்பம் இல்லை என்பதற்கு மேல் காரணம் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

என் வாப்பா உயிரோடு இல்லாததால் எனக்கு வலீ உன் வாப்பாதான். நிக்காஹ்வுக்குப் பெண் பக்கம் கையெழுத்துப் போட வேண்டியவர் அவர். மக்பூல் சாச்சா நோன்புக்குப் பிறகு இரண்டு தடவை இங்கே வந்துபோனார். என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. நீ அவரிடம் போய், ராத்தாவுக்கு விருப்பம் இல்லையாம் என்று வாயைத் திறந்து சொல். நான் மாமிக்கு முன்னால் வைத்துச் சொன்னால் நாளைக்கே சின்னவளைத் தூக்கிக்கொண்டு தன் மகள் வீட்டுக்குப் போய்விடுவார்.

ஹட்டனில் அந்த முன்பள்ளியில் எனக்குச் சொன்ன ஆசிரியை இடம் இன்னும் இருக்கிறதா என்று விசாரி.

அஸ்மியா


விடுதி
08.05.2024

ராத்தா,

ஸலாம். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அழுதேன். யாரும் உங்களை ஒன்றும் செய்ய முடியாது. முன்பள்ளியில் இடம் இருக்கிறது, ஜூன் வரைக்கும் பார்ப்பார்களாம்.

வாப்பாவிடம் போனில் இதைப் பேச முடியாது, நேரில்தான் பேச வேண்டும். நானே வருகிறேன். விடுதிக் கலண்டரில் எண்ணிவிட்டேன். ஜனவரி 14 மச்சான் மௌத். மே 14 நாலு மாதம், மேலும் பத்து நாள், மே 24 வெள்ளிக்கிழமை. வெசாக் விடுமுறையும் அன்றைக்குத்தான், அல்லாஹ்வே பொருத்திக் கொடுத்திருக்கிறான்! செவ்வாய்க்கிழமை, 14ஆம் திகதி, போட்டிக்குக் கண்டிக்குப் போகிறேன், பரிசளிப்பு 22இல். அங்கே பெரியும்மா வீட்டில் தங்கி, வெள்ளி காலையில் நேராக நோர்வூட்டுக்கு வருவேன். வாப்பா வந்தாலும் சரி, வராவிட்டாலும் சரி. பையைக் கட்டி வையுங்கள்.

உங்கள்
ஷஸ்னா


நோர்வூட்
12.05.2024

ஷஸ்னா,

சுகம் கேட்க நேரமில்லை. நீ இங்கிலீஷ் மாதத்தில் எண்ணிவிட்டாய். இத்தாவுக்குப் பிறைக் கணக்கு. அவர் மௌத்தானது ரஜப் பிறந்த நாளில். மாமி ஒவ்வொரு பிறையாக எண்ணி வருகிறார். பிறை மாதம் முப்பது தாண்டாது என்று மதரஸாவில் நாமிருவரும்தானே படித்தோம். மே 20 திங்கட்கிழமை முடிகிறது, வெள்ளிக்கிழமை இல்லை.

திங்கட்கிழமை வா. கண்டிக்குப் போகாதே. இந்தக் கடிதம் நீ புறப்படுவதற்கு முன்னால் கிடைத்தாக வேண்டும். லெட்சுமி நாளைக் காலையில் போடுகிறாள்.

அஸ்மியா


விடுதி
28.05.2024

ராத்தா,

பிறைக் கணக்கு என்று நீங்கள் எழுதியதை நேற்று இரவுதான் பார்த்தேன். வார்டன் மேசையில் இரண்டு வாரம் கிடந்திருக்கிறது. நான் கண்டியில் மேடையில் நின்று உங்கள் வரிகளை வாசித்துக்கொண்டிருந்தேன். முதல் பரிசு கிடைத்தது.

வெள்ளிக்கிழமை நான் வந்தபோது நீங்கள் பச்சைச் சாரியோடு கதவைத் திறந்தீர்கள். எனக்கு முதலில் விளங்கவில்லை. மாமி நமக்கு நடுவில் உட்கார்ந்து, திங்கட்கிழமை நிக்காஹ் முடிந்தது, என் வாப்பாதான் முடித்துத் தந்தார் என்று சொன்னார். நீங்கள் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்துவிட்டு உள்ளே போனீர்கள். நான் அந்தத் தேத்தண்ணியைக் குடித்தேன். ஏன் குடித்தேன் என்று தெரியவில்லை.

வீட்டில் வாப்பாவோடு சண்டை போட்டேன். "அவளிடம் கேட்டேன், மறுக்கவில்லை" என்கிறார். குமரிப் பெண் பேசாமல் இருந்தால் சம்மதம் என்று எடுப்பார்கள். ஆனால் விதவை வாயால் சொல்ல வேண்டும், மௌலவி நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார். நீங்கள் வாயால் சொன்னீர்களா? சொல்லவில்லை என்றால் ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள். நிக்காஹ் வழக்குகளை விசாரிக்கும் காதியாரிடம் நான் கொண்டுபோய்க் கொடுக்கிறேன். என் வாப்பாவாக இருந்தாலும் பரவாயில்லை. இந்த முறை பிந்தமாட்டேன்.

ஷஸ்னா


நோர்வூட்
04.06.2024

தங்கச்சி ஷஸ்னாவுக்கு,

பரிசுக்கு வாழ்த்து. சுகமாக இரு.

கேட்டதற்குப் பதில். திங்கட்கிழமை காலையில் குளித்து வெள்ளையைக் கழற்றினேன். என் உடுப்பையும் சின்னவளின் உடுப்பையும் பையில் போட்டுக் கட்டிலுக்கு அடியில் வைத்தேன். எங்கள் வீட்டு வாசலில்தான் ஹட்டன் பஸ் நிற்கும், அறைக்குள் சத்தம் கேட்கும். எட்டு மணி பஸ்ஸில் நீ இல்லை. பத்தரை பஸ்ஸிலும் இல்லை. பகல் லுஹர் தொழுகைக்குப் பிறகு சாச்சா வந்தார். நீயும் பின்னால் வருகிறாய் என்று நினைத்துத் திரைச்சீலை ஓரமாக வந்து நின்றேன். அவரோடு வந்தவர்கள் மௌலவியும் பள்ளிவாசல் ஆட்களும்.

சாச்சா திரைக்கு அந்தப் பக்கம் நின்று கேட்டார். "மகள், இம்தியாஸுக்கு முடிச்சுக் குடுக்கிறதுக்கு விருப்பம்தானே?"

இல்லை என்று சொல்ல வாயைத் திறந்தேன் ஷஸ்னா. அந்த நேரம் பார்த்து வெளியே பஸ் வந்து நின்றது. நீதான் என்று நினைத்தேன். நீ வந்துவிட்டால் நான் சொல்லவே தேவையில்லையே. கேட் திறக்கிற சத்தத்துக்குக் காதைக் கொடுத்துக்கொண்டு நின்றேன். பஸ் போய்விட்டது, கேட் திறக்கவில்லை. சாச்சாவும் "அல்ஹம்துலில்லாஹ்" சொல்லிவிட்டு முன்னறைக்குப் போய்விட்டார். பின்னால் போய்ச் சொல்லியிருக்கலாம். சின்னவள் மாமியின் மடியில் தூங்கிக்கொண்டிருந்தாள். அத்தனை ஆண்களுக்கு முன்னால் எனக்குச் சத்தமே வரவில்லை. ராக்காயியை அவ்வளவு ஏசினேனே, அவளை எழுதியவரிடம் மன்னிப்புக் கேட்க முடிந்தால் கேட்பேன்.

நீ கேட்ட தாள் இதோடு இருக்கிறது. "நான் சம்மதம் சொல்லவில்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறேன். இதை எழுத எனக்கு நாலு நாள் எடுத்தது. பத்திரமாகக் கொண்டுபோய்க் கொடு. நாள் போகப் போக இந்தத் தாளுக்கு மதிப்புக் குறையும். நான் இந்த வீட்டில்தான் இருக்கிறேன் என்பதை நினைத்துக்கொள்.

அஸ்மியா


ஹட்டன்
19.08.2024

அன்புள்ள ராத்தாவுக்கு,

ஸலாம். நீங்கள், சின்னவள், இம்தியாஸ் மச்சான், ஜெமீலா மாமி அனைவரும் சுகமாக இருக்க துஆ செய்கிறோம். நாங்கள் சுகம். வாப்பாவுக்கு மட்டும் ஜூன் மாதத்திலிருந்து பிரஷர் கூடிப்போய் இருக்கிறது. ஒரு தடவை பள்ளிவாசலில் மயங்கி விழுந்தார். டாக்டர் எந்தக் கவலையும் கொடுக்கக் கூடாது என்று சொல்லியிருக்கிறார்.

எனக்கு மாத்தளையிலிருந்து ஒரு சம்பந்தம் வந்திருக்கிறது. நல்ல குடும்பம், மார்க்கப் பற்றானவர்கள். எங்கள் வீட்டைப் பற்றி எல்லா இடத்திலும் விசாரிக்கிறார்கள்.

நீங்கள் அனுப்பியது பத்திரமாக என் பெட்டியில் இருக்கிறது.

நம் ஆய்வு கல்லூரி மலரில் அச்சாகிவிட்டது. ஒரு பிரதி அனுப்புகிறேன். அட்டைக்கு அடுத்த பக்கத்தில் என் படம் இருக்கிறது, நன்றாக விழவில்லை. வாசித்துவிட்டு உங்கள் கருத்தை எழுதுங்கள். சின்னவளை எந்தப் பாடசாலையில் சேர்க்கப் போகிறீர்கள்?

துஆவுடன்,
ஷஸ்னா


நோர்வூட்
26.08.2024

ஷஸ்னாவுக்கு,

ஸலாம். சாச்சாவின் சுகத்துக்கு துஆ செய்கிறேன். உன் கல்யாணம் நல்லபடி நடக்கட்டும்.

ஆய்வைப் படித்தேன். நன்றாக இருக்கிறது.

உன் பெட்டியில் இருக்கும் தாளைத் திருப்பி அனுப்ப வேண்டாம். நான் இன்னொன்று எழுதிவிட்டேன். வருகிற ஞாயிற்றுக்கிழமை காதியார் ஹட்டனில் விசாரணைக்கு உட்காருகிறார் என்று லெட்சுமி கேட்டுவந்து சொன்னாள். எட்டு மணி பஸ்ஸில் போகிறேன். நேற்று மாமியிடமும் இம்தியாஸிடமும் சொல்லிவிட்டேன். இந்த முறை எனக்குச் சத்தம் வந்தது. சின்னவளை இன்று விடியவே மாமியின் மகள் வீட்டுக்குக் கொண்டுபோய்விட்டார்கள். சிவப்புச் சப்பாத்தைப் போட்டுக்கொண்டு எனக்குக் கை காட்டிவிட்டுத்தான் போனாள். நான் திரும்பி வரும்போது இந்த வீட்டுக் கதவைத் திறப்பார்களா என்று தெரியாது. காதியார் என்ன சொல்வார் என்றும் தெரியாது. மூன்று மாதம் எங்கே போயிருந்தாய் என்று கட்டாயம் கேட்பார். அதற்கு என்னிடம் பதில் இருக்கிறது, உன் பெயரைச் சொல்ல மாட்டேன்.

சாச்சாவையும் கூப்பிட்டு விசாரிப்பார்கள். அன்றைக்கு அவருக்கு மாத்திரையை நேரத்துக்குக் கொடுத்து அனுப்பு. நீ வராதே. அங்கே இரண்டு பக்கமாகத்தான் உட்கார வைப்பார்களாம். நீ வந்தால் எந்தப் பக்கம் உட்காருவாய் என்று பார்த்துக்கொண்டு இன்னொரு தடவை நான் சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் விட்டுவிடுவேன்.

அஸ்மியா